சேதாரம் போக மிச்சம்

வா கண்ணு, உக்காரு. கையில என்ன பை? கிராஸ்கட் ரோட்டுல இருந்தா வாறே? பை நெம்பப் பெருசா இருக்குதே. உள்ள சரக்கு இருக்குதா, இல்ல பை வாங்குனதுலயே காசு தீந்துபோச்சா?

மொறைக்காத. கெழவன் வாய் சும்மா இருக்காது. கோயமுத்தூர்ல பொறந்துட்டுக் குசும்பு இல்லீன்னா ரேசன் கார்டுல பேரை அடிச்சுப்போடுவாங்க.

காந்திபுரத்துல டவுன் பஸ்ஸை விட்டு எறங்கி அண்ணாந்து பாரு. எந்தப் பக்கம் திரும்புனாலும் நகைக்கடைப் பலகை. ஒவ்வொரு பலகையிலும் ஒரு அம்மிணி. நெத்தியில ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் தங்கம். மூஞ்சி எங்கேன்னு தேடித்தான் கண்டுபுடிக்கோணும். இதுதான் ஸ்டைலாம். அந்தப் புள்ள அதைப் போட்டுக்கிட்டு ஒரு வாய் சோறு திங்க முடியுமா? முதுகு அரிச்சாச் சொறிய முடியுமா?

நகை கூடாதுன்னு சொல்ற சாமியாரு நானில்ல. நம்ம சீமைக்கு இந்தப் பித்து இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. சென்னிமலைக்குப் பக்கத்துல, நொய்யக்கரையில, கொடுமணல்னு ஒரு ஊரு கேள்விப்பட்டுருக்கியா? 1985ல இருந்து அங்க தோண்டிப் பாத்தாங்க. பளிங்கு, பச்சைக்கல்லு, செவப்புக்கல்லுன்னு மணி மணியா வந்துச்சு. முழுசா முடிச்சது, பாதி தேச்சது, தொளை போடறப்ப ஒடைஞ்சதுன்னு பட்டறையே பூமிக்குள்ள கெடந்துச்சு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே நம்மாளு இங்க மணி கோத்து வித்துருக்கான். பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வாறது இந்த ஊருதான்னு படிச்சவிக சொல்றாங்க. இந்தப் பக்கம் காங்கயத்துக்கிட்ட படியூரு. அங்க பெரில்னு ஒரு கல்லு கெடைக்கும். அந்தக் கல்லுக்கு ரோமாபுரி அம்மிணிக ஆலாப் பறந்தாங்களாம். ப்ளினின்னு அந்த ஊர்க்காரரு ஒருத்தரு இந்தக் கல்லு எச்சா வாறதே இந்தியாவுல இருந்துதான்னு எழுதி வெச்சிருக்காரு. வருசா வருசம் நம்ம காசெல்லாம் இந்தியாவுக்குப் போவுதேன்னு பொலம்புனதும் அவரேதான். பாவம், அவரு வீட்டுலயும் என்ன நடந்துச்சோ! அவரு சொன்னது பொய்யுமில்ல. நம்ம வெள்ளலூர்லயே 1842ல ரோமாபுரி வெள்ளிக்காசு குவியலாக் கெடைச்சுது. பொண்டாட்டி நகை வாங்குனதுக்குப் பொலம்பாத ஆம்பளை எந்தச் சீமையிலும் இருந்ததில்ல போல.

அப்ப நகை எதுக்கு? அழகுக்குன்னு சொல்லுவே. அது பாதிதான் கண்ணு.

எங்க ஊரு மானம் பாத்த பூமி. கெணத்துல தண்ணி மேல இருந்தா ஆத்தா காதுல நகை ஏறும். தண்ணி கீழ போனா காதுல இருக்கறது எறங்கும். மாடு வாங்கோணுமா, கெணத்தை இன்னும் ஆழப்படுத்தோணுமா, பையனைப் படிக்க வெக்கோணுமா, மொதல்ல அட்டிகைதான் அடகுக்கடைப் படியேறும். அதனால ஆத்தா சரின்னு தலையாட்டாம அப்பாரு ஒரு மம்பட்டியக்கூட எடுத்ததில்ல. ஏன்? பணப்பொட்டி அவ கழுத்துல. இன்னைக்கு பேங்க்குக்காரன் நகைக்கடன்னு வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கான். எங்க ஆத்தா போர்டு இல்லாமயே நடத்துனா.

இன்னொண்ணு, ஒரு நகை யாரு போட்டதுங்கறதுலதான் அதோட மருவாதி இருக்குது. காதுகுத்து நோம்பியில கொழந்தை மாமன் மடியில உக்காரும். ஆசாரி வந்து குத்துவாரு. கொழந்தை வீல்னு கத்தும், மாமன் வெல்லத்தை வாயில திணிப்பாரு. அந்தக் கம்மல் கால் பவுனு கூட இருக்காது. ஆனா தொண்ணூறு வயசுக் கெழவிகிட்டக் கேளு, ‘இது என்ற மாமன் போட்டதாக்கும்’னு சொல்லுவா. உன்ற கழுத்துல இருக்கற ஆரத்தை யாரு போட்டாங்கன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே? ‘ஆறு மாச இஎம்ஐ’ங்குவே.

செரி, கடைக்குப் போனயே, பில்லைக் காட்டு. ஓஹோ.

கணக்குப் போடத் தோதா பவுனு தொண்ணூறாயிரம்னு வெச்சுக்குவோம். 2025 அக்டோபர்ல அதையும் தாண்டிருச்சு, இருந்தாலும் வெச்சுக்குவோம். பவுனுன்னா எட்டுக் கிராம். பத்துப் பவுன்ல ஒரு ஆரம், ஒம்பது லட்சம். அதுக்கு மேல சேதாரம் நூத்துக்குப் பதினஞ்சுன்னு போடறான். 1,35,000. மொத்தத்துக்கும் சேத்து ஜி.எஸ்.டி. நூத்துக்கு மூணு, 31,050. ஆகக்கூடி 10,66,050. வாசப்படிய தாண்டிட்டு, ‘அய்யோ, டிசைன் புடிக்கல’ன்னு வேறொரு கடையில கொண்டுபோய் வித்துப்பாரு. தங்கத்துக்கு மட்டும்தான் காசு. ஒரு லட்சத்து அறுவத்தாறாயிரம் அந்த ஏசிக் காத்துல கரைஞ்சு போச்சு. டீயும் பிஸ்கோத்தும் கொடுத்தாங்கன்னு சந்தோசமா வந்தயே, அந்த டீயோட வெலை என்னன்னு இப்பத் தெரியுதா?

எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம். சேதாரம், சேதாரம்ங்கறாங்களே, சேதமான அந்தத் தங்கம் எங்க போச்சு? கெம்பட்டி காலனி, செல்வபுரம், வைசியாள் வீதின்னு பட்டறை இருக்கற பக்கம் ஒருக்கா நடந்து பாரு. ராவுனா விழற பொடியை ஆசாரி வீசவே மாட்டாரு. பட்டறையக் கூட்டுன மண்ணுக்குக்கூட வெலை உண்டு. அதையும் மீறித் தண்ணியில கலந்து ஓடுனது போக, சாக்கடை மண்ணை அள்ளி அலசித் தங்கம் எடுத்துப் பொழைக்கறவிகளும் இந்த ஊர்ல இருக்காங்க. ஆசாரியும் எடுத்துக்கறாரு, மண்ணு வாங்கறவனும் எடுத்துக்கறான், சாக்கடையில எறங்கறவனும் எடுத்துக்கறான். அப்ப நெசமாச் சேதமானது எது? உன்ற ஒரு லட்சத்து அறுவத்தாறாயிரந்தான். ராவறப்பக் கொஞ்சம் போவும், ஒத்துக்கறேன். கைவேலைன்னா கூலி கொடுக்கோணும், அதுலயும் வழக்கில்ல. ஆனா மெசின்ல அச்சடிச்ச செயினுக்கும் அதே பதினஞ்சுன்னா, எந்தக் கையில எந்தச் சேதம்னு கேக்கோணுமா வேண்டாமா? கேளு கண்ணு. கேட்டாக் கொறைப்பாங்க. கேக்காதவனுக்குத்தான் டீ.

அதென்ன வளையலு, கருத்துக் கெடக்குது? ஆன்டிக்கா?

இதைக் கேட்டா எனக்குச் சிரிப்பு நிக்கறதில்ல. எங்க வீட்ல நோம்பிக்கு மொதல் நாளு பெரிய வேலையே நகை கழுவறதுதான். பூந்திக்கொட்டைய ஊற வெச்சு, நொரை வரக் கரைச்சு, பழைய பிரஷ்ஷுல தேய் தேய்னு தேச்சு, பழுப்புப் போயி மஞ்சளா மின்னுனாத்தான் ஆத்தாளுக்குத் தூக்கம் வரும். பழசைப் புதுசாக்கறதுக்கு அத்தனை பாடு. இப்பப் புத்தம்புதுத் தங்கத்தை வேணும்னே கருக்க வெச்சு, பழசாட்டம் பண்ணி, அதுக்குச் சேதாரத்தையும் எச்சாப் போடறான். நீயும் வாங்கிட்டு வந்து, ‘அப்பாரு, ஹெரிட்டேஜ் லுக்’ங்கறே. உங்க பாட்டியோட நெசமான பழைய காசுமாலைய என்ன பண்ணுனே? டிசைன் ஓல்டா இருக்குதுன்னு மாத்திட்டு வந்ததே இந்த வளையலத்தான? ஏஞ்சாமி, இந்த மூளைய எந்தக் கடையில வாங்குனே? சேதாரம் எவ்வளவு போட்டான்?

டெம்பிள் ஜுவல்லரின்னு ஒண்ணு சொல்றீங்க. நாகர்கோயில் வடசேரியில செய்யற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்குது. சாமிக்கும் பரதநாட்டியம் ஆடற புள்ளைகளுக்கும்னு கெம்புக்கல்லு பதிச்சுச் செய்யறது அது. பின்வரிசையில உக்காந்துருக்கறவனுக்கும் தெரியோணும்னுதான் அத்தனை பெருசு. நீ அதை மாட்டிக்கிட்டு சரவணம்பட்டி ஐ.டி. ஆபீசுல லிப்டுக்குள்ள நிக்கறே. பின்வரிசை எங்க இருக்குது அங்க?

இப்பக் காலத்துல எல்லாமே மோசம்னு சொல்லுவேன்னு நெனைச்சயா? இல்ல. எங்க காலத்து ஆசாரி பத்தவெக்கற பொடியில என்ன கலந்தாரு, எத்தனை செம்பு சேத்தாருன்னு சாமிக்குத்தான் தெரியும். உருக்கறப்பத்தான் வண்டவாளம் தெரியும். இப்ப 2021 ஜூன் 16ல இருந்து ஹால்மார்க் கட்டாயம்னு சட்டம் வந்து, மாவட்டம் மாவட்டமா ஏறுது. 2023 ஏப்ரல்ல இருந்து ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. அடையாளக் குறி இல்லாம விக்கவே கூடாது. 22 கேரட்டுன்னா ஆயிரத்துல 916 பங்கு தங்கம், மிச்சம் செம்போ வெள்ளியோ. அந்த ஆறு எழுத்தைப் போன்ல பி.ஐ.எஸ். கேர் ஆப்புல தட்டுனா நகையோட சாதகமே வருது. எந்தக் கடை, என்ன மாத்து, எங்க சோதிச்சாங்க, எல்லாம். ரீல்ஸ் பாக்கற போன்ல ஒருக்கா இதையும் பாக்கலாமில்ல?

கண்ணகி சிலம்பை நெனைச்சுப்பாரு. கோவலன் விக்கப் போனான், பொற்கொல்லன் ராணியோடதுன்னு கோள் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமத் தலைய வாங்கிட்டான். அப்பறம் இவ வந்து ஒடைச்சுக் காட்டுனா. ராணியோடதுல முத்து, இவளோடதுல மாணிக்கம். மருதை எரிஞ்சுபோச்சு. ஒரு ஹெச்.யு.ஐ.டி.யும் பழைய பில்லும் இருந்திருந்தா மீனாச்சி ஊருக்கு அந்தக் கதியே வந்திருக்காது. இளங்கோவடிகளுக்குத்தான் எழுத ஒண்ணும் இருந்திருக்காது. அதனால பில்லைத் தொலைக்காத. கல்லு வெச்ச நகைன்னா கல்லு எடை தனி, தங்கம் தனின்னு எழுதச் சொல்லு. கண்ணாடிக்கல்லுக்குத் தங்க வெலை கொடுத்துட்டு வாறது மடையன் வேலை.

கவர்மென்ட்டும் ஒரு தடவை இந்தப் பித்தை அடக்கப் பாத்துச்சு. சீனாக்காரனோட சண்டை ஓஞ்ச கையோட, 1963 ஜனவரியில, மொரார்ஜி தேசாய் நிதிமந்திரியா இருந்தப்ப, 14 கேரட்டுக்கு மேல நகை செய்யப்படாதுன்னு போட்டாரு. ஆசாரிமாரு எத்தனையோ பேரு பட்டறைய மூடிட்டு நடுத்தெருவுல நின்னாங்க. பொம்பளைக கேட்டாங்களா? 14 கேரட்டு அவிக கண்ணுக்குத் தங்கமாவே தெரியல. 1968ல தங்கக் கட்டுப்பாட்டைச் சட்டமாவே ஆக்கிப்பாத்து, 1990ல ரத்துப் பண்ணிட்டாங்க. டெல்லிக்குத் தோத்துப்போவத் தெரிஞ்சுது. நம்ம சம்பந்திமாருக்குத்தான் இன்னும் தெரியல.

ஆமா, சம்பந்திப் பேச்சு கேட்டுருக்கியா? ‘நாங்க ஒண்ணுமே எதிர்பாக்கறதில்லைங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க. மூத்த மருமவளுக்கு அவிக வீட்ல நூறு பவுன் போட்டாங்க. சும்மா பழமைக்குச் சொன்னேனுங்க.’ சும்மாச் சொன்னாராம்! வரதச்சணைத் தடுப்புச் சட்டம் 1961லயே வந்துச்சு. அது மண்டபத்துக்கு வந்து, மொய் வெச்சு, பந்தியில சாப்புட்டுட்டுப் போயிருது. இந்த மாதிரி ஆளுக்கிட்ட வேற கணக்குச் சொல்லோணும். வருமான வரிக்காரங்க சோதனைக்கு வந்தா, கல்யாணமான பொம்பளைகிட்ட 500 கிராம் வரைக்கும் நகையப் பறிமுதல் பண்ண வேண்டாம்னு 1994ல ஒரு உத்தரவு இருக்குது. கல்யாணமாகாத புள்ளைக்கு 250, ஆம்பளைக்கு 100. ஐநூறுன்னா அறுபத்திரெண்டரைப் பவுனு. நூறு பவுன் கேட்டா, ‘மிச்சம் முப்பத்தேழரைக்கு பில்லும் வருமானக் கணக்கும் உங்க பேருல காட்டிருவீங்களா மாமா?’ன்னு மெல்லக் கேளு. மாமன் மூஞ்சியப் போட்டோ எடுத்து வெச்சுக்கோ.

அப்படி வாங்குனாப்ல போடவா செய்யறீங்க? முகூர்த்தத்தன்னைக்கு ரெண்டு மணி நேரம். அப்பறம் லாக்கரு. கழுத்துல கவரிங். இதுல எனக்கு வருத்தமே இல்ல, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல அதுதான் புத்தி. வாடகைக்கு மணப்பொண்ணு நகை எடுக்கறாங்களே, அதையும் நான் மெச்சறேன். காலையில எடு, சாயங்காலம் கொடு, கடனில்ல, காவலில்ல. ஆனா கவரிங்கைப் போட்டுக்கிட்டு, ‘நாப்பது பவுனாக்கும்’னு மண்டபத்துல அளக்கறது எதுக்கு? கும்பி கூழுக்கு அழுவுதாம், கொண்டை பூவுக்கு அழுவுதாம். பொன்னு வெக்கற எடத்துல பூவை வெச்சுக் கல்யாணம் பண்ணுன சனம் நாம. அதுல கொறைஞ்சுபோனது யாரு?

நகைய வெச்சுப் பொம்பளைய அளந்த ஊரு, நகையப் புடுங்கியும் அளந்துச்சு. புருசன் போன அன்னைக்கே வளையல ஒடைச்சு, மூக்குத்திய கழட்டி மூலையில உக்கார வெச்சாங்க. எங்க அத்தைக்கு அப்ப இருவத்தஞ்சு வயசு கூட ஆவல. சம்பிரதாயம்னு நீட்டி மொழக்கறவிக இதையும் சேத்துச் சொல்லோணும். இன்னைக்கு ஒரு அம்மிணி எனக்குப் புடிச்சதை நான் போட்டுக்கறேன்னு சொன்னா, அதுக்கு மட்டும் நான் குசும்பு பேச மாட்டேன்.

ஆம்பளைகளுக்குப் பேசுவேன். மேல் பித்தானை அவுத்து விட்டுக்கிட்டு ஒரு மைனர் செயினு. கையில காப்பு. நெஞ்சுல புலிநகம். ஏந்தம்பி, புலிய நீ அடிச்சியா? நெச நகம்னா 1972ல வந்த வனவிலங்குச் சட்டத்துல உள்ள போவே. பொய் நகம்னா, பிளாஸ்டிக்கைத் தங்கத்துல கட்டித் தொங்கப் போட்டுக்கிட்டு யாரை மெரட்டறே? எங்க அப்பாரு ரெண்டு காதுலயும் செவப்புக்கல்லுக் கடுக்கன் போட்டிருந்தாரு. அரையில வெள்ளிக்கொடி. அவ்வளவுதான். சந்தையில ஆயிரம் பேருக்கு நடுவுல அவரு தலையத் திருப்புனா அந்தக் கல்லு மட்டும் மின்னும். பித்தானை அவுக்கவே இல்ல.

எப்படிப் போடறதுன்னு கேக்கறயா? பேசன் டிசைனர்கிட்டக் கேட்டா பீஸ் வாங்குவாரு. நான் ஓசியிலயே சொல்றேன்.

வீட்டுக்குப் போயி, வாங்குனது அத்தனையும் மாட்டிக்கோ. கண்ணாடியப் பாக்காத, அது உனக்குச் சாதகமாத்தான் பேசும். வாழெலை போட்டுப் பந்தியில உக்காரு. ரசத்தைக் கையில வழிச்சுக் குடி. வளையலு எலைக்குள்ள விழுந்தா ரெண்டைக் கழட்டு. எந்திரிச்சு ஒறம்பரை வீட்டுக் கொழந்தையத் தூக்கு. அது ஆரத்தைப் புடிச்சு இழுத்து உன்ற கழுத்து வளைஞ்சா, ஆரம் எச்சு. குனிஞ்சு பெரியவிக காலைத் தொடு. நெத்திச்சுட்டி மூக்குல வந்து மோதுனா அதை போட்டோவுக்கு மட்டும் வெச்சுக்கோ. இத்தனைக்கும் மிஞ்சி உன்ற மேல எது நிக்குதோ அதைப் போட்டுக்கிட்டு கெளம்பு.

காதுல பெரிய சிமிக்கி ஆடுச்சுன்னா கழுத்துக்கு ஒத்தச் சரடு போதும். ரெண்டும் பேசுனா யாரு சொல்றது காதுல விழும்? காசுமாலைக்குக் கட்டங்கரை பெருசா இருக்கற சிறுமுகைப் பட்டு எடு. பூவேலை நெறைஞ்ச சேலையில காசு எங்க, பூவு எங்கன்னு தெரியாது. கோரா காட்டனுக்கும் நெகமத்துச் சேலைக்கும் ஒரு தோடு, ஒரு மெல்லிசு செயினு. அந்தச் சேலையே பாதி வேலையப் பாத்துரும். தங்க வளையலுக்கு நடுவுல கண்ணாடி வளையலப் போடு. தங்கத்துக்குச் சத்தம் போடத் தெரியாது, கண்ணாடிதான் அதுக்கும் சேத்துப் பேசும். கொலுசு வெள்ளியிலயே இருக்கட்டும், பக்கத்துல சேலத்துல அத்தனை பட்டறை இருக்குது. கால்ல தங்கம் போட்டா லச்சுமி கோவிச்சுக்குவான்னு ஆத்தா சொல்லுவா. வெள்ளின்னா பர்சும் கோவிச்சுக்காதுன்னு நான் சேத்துக்கறேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டிக்கிட்டு வந்தா, பட்டிப் பொங்கலுக்கு மாட்டைச் சோடிச்ச மாதிரித்தான் இருக்கும். மாட்டையாச்சும் பொழுதோட அவுத்து விட்டுருவோம். உனக்கு இன்னும் ரிசப்சன் வேற இருக்குது.

அட்சய திருதியைக்கு வரிசையில நிக்கப் போறயாக்கும்? அன்னைக்கு வாங்குனா வளருமாம். வளந்துச்சு, கண்ணாரப் பாத்தேன். கடைக்காரரு ரெண்டு மாடி எச்சாக் கட்டிட்டாரு.

செரி செரி, மூஞ்சியத் தூக்காத. அந்தக் கருத்த வளையலு உனக்குப் புடிச்சுப்போச்சுன்னா வெச்சுக்கோ அம்மிணி, உன்ற காசு, உன்ற கை. ஒண்ணே ஒண்ணு, உள்ள போறப்ப என்ற வீட்டுக்காரி கண்ணுல காட்டிராத. அவ ஏற்கெனவே பூந்திக்கொட்டைய ஊறப் போட்டுருக்கறா.